தென்னார்க்காட்டுக்கு வந்த கோதுமை: அமெரிக்க உணவு உதவி அரசியலும் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரமும் (1951–1974)

ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கை அதன் தலைநகரில் தீர்மானிக்கப்படுகிறது. அதன் விளைவு வேறொரு நாட்டின் பள்ளிக்கூடத்திலும் ரேஷன் கடையிலும் வயலிலும் தெரியக்கூடும். 1951 முதல் 1970-களின் தொடக்கம் வரை இந்தியாவுக்கு வந்த அமெரிக்க உணவு தானியம் இதற்குத் தெளிவான சான்று. இந்தியாவுக்குக் கோதுமை அனுப்பலாமா, எவ்வளவு அனுப்பலாம், எந்த நிபந்தனையில் அனுப்பலாம் என்பது வாஷிங்டனில் பல ஆண்டுகள் விவாதிக்கப்பட்டது. அந்த விவாதத்தில் பசியைவிட அதிகமாகப் பேசப்பட்டவை கொரியா, சீனா, சோவியத் ஒன்றியம், வியட்நாம் ஆகியவை. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை மையமாக வைத்து அந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

வட்டாரத்தின் பின்னணி

இன்றைய விழுப்புரம் மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காட்டிலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. அதற்கு முன் விழுப்புரமும் திண்டிவனமும் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தின் வட்டங்களாக இருந்தன. காவிரிப் பாசனத்தைப் போன்ற பெரிய ஆற்றுப் பாசனம் இங்கே இல்லை. ஏரியும் கிணறும்தான் விவசாயத்தைத் தாங்கின. நெல்லோடு கம்பு, கேழ்வரகு, வரகு ஆகியவையும் மக்களின் அன்றாட உணவாக இருந்தன. பருவமழை பொய்த்தால் ஏரி வறண்டுவிடும். ஏரி வறண்டால் சந்தையில் அரிசி விலை ஏறிவிடும்.

இப்பகுதியின் பணப்பயிர் நிலக்கடலை. வட்டார வழக்கில் அதற்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை என்ற சொல்லின் பேச்சு வடிவம் இது. திண்டிவனத்தில் உள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்கள் டி.எம்.வி. என்ற எழுத்துகளைத் தாங்கியே நாடெங்கும் சென்றன. அந்த எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை. 1940-ல் வெளியான டி.எம்.வி. 2 நிலக்கடலை பல மாநிலங்களில் பல பத்தாண்டுகள் பயிரிடப்பட்டது. வெளிநாட்டுச் சமையல் எண்ணெய் உதவிப் பொருளாக இப்பகுதிப் பள்ளிகளுக்கு வந்த காலத்தைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி தேவை.

முதல் விவாதம்: 1951

1940-களின் இறுதியில் சென்னை மாகாணத்தில் தொடர்ந்து சில ஆண்டுகள் மழை பொய்த்தது. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்த ஓ. பி. ராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை மாகாணத்தின் ஆட்சித் தலைவராக இருந்தபோதும், அவருக்குப் பின்னரும், உணவுப் பங்கீடும் தானியக் கொள்முதலும் அரசின் பெரிய தலைவலியாக இருந்தன. வடக்கே பீகாரிலும் நிலைமை மோசமானது. இந்திய அரசு அமெரிக்காவிடம் 20 லட்சம் டன் தானியம் கேட்டது.

இந்த வேண்டுகோள் போன நேரம் சிக்கலானது. கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. ஐக்கிய நாடுகள் அவையில் சீனாவை ஆக்கிரமிப்பாளர் என்று அறிவிக்கும் தீர்மானத்தை நேருவின் அரசு ஏற்கவில்லை. எங்கள் படைவீரர்கள் சாகும்போது எங்கள் எதிரியைக் கண்டிக்க மறுக்கும் நாட்டுக்கு எதற்குக் கோதுமை என்று அமெரிக்கக் காங்கிரசில் ஒரு சாரார் கேட்டனர். பசியால் வாடும் இந்தியா கம்யூனிசத்தின் பக்கம் சாய்ந்துவிடும், ஆகவே உடனே அனுப்ப வேண்டும் என்றனர் மறுசாரார். இரு தரப்பும் தங்கள் நாட்டின் பாதுகாப்பையே காரணமாகக் காட்டின என்பது கவனிக்கத்தக்கது.

தோரியம் அடங்கிய மோனசைட் மணல் போன்ற, அணு ஆற்றலுக்கு வேண்டிய மூலப்பொருள்களை ஈடாகப் பெற வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது. அந்த மணல் கிடைக்கும் இடங்களுள் ஒன்று இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி. நேரு இதற்கு உடன்படவில்லை. பல மாத இழுபறிக்குப் பிறகு 1951 ஜூனில் 19 கோடி டாலர் கடனாகக் கோதுமை தரும் சட்டம் நிறைவேறியது. தானியம் வந்துசேர்ந்தது; ஆனால் கேட்டபோது வராத உதவியாகவே அது இந்தியர்களின் நினைவில் தங்கியது.

பி.எல். 480: உபரி தானியமும் ரூபாய்க் கணக்கும்

1954 ஜூலை 10 அன்று அதிபர் ஐசனோவர் ஒரு வேளாண் வணிகச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அமெரிக்கச் சட்ட வரிசையில் அது பெற்ற எண்ணால் அது பி.எல். 480 என்று அழைக்கப்பட்டது. அமெரிக்க அரசு தன் விவசாயிகளுக்கு விலை ஆதரவு தந்ததால் கிடங்குகளில் கோதுமை மலைபோல் குவிந்திருந்தது. அதை வெளியே அனுப்ப வேண்டும், விலையும் சரியக்கூடாது, நட்பு நாடுகளும் கிடைக்க வேண்டும். இந்த மூன்று நோக்கங்களையும் ஒரே சட்டம் நிறைவேற்ற முயன்றது.

இந்தியாவுக்கு இதில் கிடைத்த முக்கியமான சலுகை, விலையை டாலரில் தராமல் ரூபாயில் தரலாம் என்பது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் இருந்த அரசுக்கு இது பெரிய ஆறுதல். அந்த ரூபாய் இந்தியாவிலேயே அமெரிக்காவின் கணக்கில் சேர்ந்தது. அதில் ஒரு பகுதி இந்தியத் திட்டங்களுக்குக் கடனாகவும் மானியமாகவும் திரும்பியது. இன்னொரு பகுதி இங்குள்ள அமெரிக்க அலுவலகங்களின் செலவுக்குப் போனது. 1956 ஆகஸ்டில் முதல் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1960 மே மாதத்தில் 1 கோடியே 60 லட்சம் டன் கோதுமையும் 10 லட்சம் டன் அரிசியும் நான்கு ஆண்டுகளில் தருவதற்கான பெரிய ஒப்பந்தம் கையெழுத்தானது.

எளிதாகக் கிடைத்த இந்தத் தானியத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. நகரங்களில் விலை தாழ்ந்து இருந்ததால் உள்நாட்டு விவசாயிக்கு அதிகம் விளைவிக்கும் ஊக்கம் குறைந்தது என்று அப்போதே பொருளியலாளர்கள் சிலர் எச்சரித்தனர். அரசின் முதலீடும் பெருந்தொழில்களை நோக்கிச் சென்றது. பற்றாக்குறை வந்தால் கப்பல் வரும் என்ற எண்ணம் நிலைத்தது.

ஒரே மாவட்டத்தில் இரு வல்லரசுகள்

காமராசர் ஆட்சியில் 1956-ல் பள்ளி மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் ஊர் மக்களின் நன்கொடையும் அரசின் பங்கும் அதை நடத்தின. 1961 முதல் அமெரிக்கத் தொண்டு நிறுவனமான கேர், பி.எல். 480 சட்டத்தின் நன்கொடைப் பிரிவில் கிடைத்த பால் பவுடர், மக்காச்சோள மாவு, சமையல் எண்ணெய் முதலியவற்றை இத்திட்டத்துக்கு வழங்கியது. இரு கைகள் குலுக்கும் சின்னம் அச்சிட்ட மூட்டைகளும் தகர டப்பாக்களும் கிராமப் பள்ளிகளுக்கு வந்தன. மஞ்சள் நிற உப்புமாவும் கரைத்த பாலும் ஒரு தலைமுறையின் பள்ளி நினைவுகளில் இடம்பெற்றன. மல்லாட்டை ஆட்டி எண்ணெய் எடுக்கும் செக்குகள் நிறைந்த மாவட்டத்துக்கு அமெரிக்கச் சமையல் எண்ணெய் தகர டப்பாவில் வந்தது அக்காலத்தின் முரண்களில் ஒன்று.

அதே தென்னார்க்காடு மாவட்டத்தில் நெய்வேலியில் இன்னொரு வல்லரசின் உதவி உருப்பெற்றுக்கொண்டிருந்தது. 1956-ல் தொடங்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் அனல்மின் நிலையம் சோவியத் ஒத்துழைப்புடன் கட்டப்பட்டது. 1962-ல் அதன் முதல் அலகு இயங்கத் தொடங்கியது. சுரங்கத்துக்கான பெரிய இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. இப்படி ஒரு மாவட்டத்துப் பிள்ளைகள் அமெரிக்கப் பால் குடித்தார்கள்; அதே மாவட்டத்தில் சோவியத் இயந்திரம் மின்சாரம் தந்தது. அணிசேராக் கொள்கை என்று பாடநூல் கூறுவதன் நடைமுறை வடிவம் இதுவே.

வாஷிங்டனில் இதை அச்சத்தோடு பார்த்தவர்கள் இருந்தனர். நாம் தராவிட்டால் மாஸ்கோ தரும் என்பது உதவிக்கு ஆதரவான வாதம். நாம் தந்தும் அவர்கள் நம் பக்கம் நிற்கவில்லையே என்பது எதிர் வாதம். 1960-களின் நடுவில் இரண்டாவது வாதத்தின் கை ஓங்கியது.

குறுகிய கயிறு: 1965–1967

1965-ல் பழைய ஒப்பந்தத்தின் காலம் முடிந்தது. அதிபர் லிண்டன் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்துக்கு ஒப்பவில்லை. ஒரு மாதத்துக்கோ இரண்டு மாதத்துக்கோ வேண்டிய தானியத்தை மட்டும் அவ்வப்போது அனுமதித்தார். மாட்டைக் குட்டைக் கயிற்றில் கட்டி மேயவிடுவதை ஒத்த இந்த முறைக்கு அமெரிக்க அதிகாரிகளே அப்பொருள் தரும் பெயரைச் சூட்டினர்.

இதற்கு மூன்று காரணங்கள் இருந்தன. முதலாவது, இந்தியா தன் வேளாண்மையில் அதிக முதலீடு செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. இரண்டாவது, 1965 செப்டம்பரில் நடந்த இந்திய–பாகிஸ்தான் போர். அப்போது அமெரிக்கா இரு நாடுகளுக்கும் ராணுவ உதவியை நிறுத்தியது. மூன்றாவது, வியட்நாமில் அமெரிக்கக் குண்டுவீச்சை இந்தியா வெளிப்படையாக விமர்சித்தது ஜான்சனுக்கு எரிச்சலூட்டியது.

ஜான்சனின் அரசுக்குள்ளேயே இது குறித்துக் கருத்து வேறுபாடு இருந்தது. வேளாண் செயலர் ஆர்வில் ஃப்ரீமன் சீர்திருத்தத்துக்கு நெருக்குதல் தேவை என்று கருதினார். டெல்லியிலிருந்த தூதர் செஸ்டர் போல்ஸ், இந்த முறை இந்தியர்களின் தன்மானத்தைக் காயப்படுத்தும், நீண்டகால நட்பைக் கெடுக்கும் என்று தொடர்ந்து எழுதினார். 1966 இறுதியில் நிலைமை முற்றியபோது ஆலோசகர்கள் பலரும் கப்பல்களை விடும்படி கூறினர். அதிபர் தாமதித்தார். ஆய்வுக்கு அனுப்பப்பட்ட காங்கிரஸ் உறுப்பினர் குழுவும் தேவை உண்மையானது என்று அறிக்கை தந்த பின்னரே 1967 தொடக்கத்தில் அவர் காங்கிரசிடம் இந்தியாவுக்கான உதவியைக் கோரினார். 1966 நவம்பரில் நிறைவேறிய புதிய உணவு உதவிச் சட்டம், பெறும் நாடு தன் வேளாண்மைக்கு என்ன செய்கிறது என்பதை நிபந்தனையாக்கியது. வட வியட்நாமுடனும் கியூபாவுடனும் வணிகம் செய்யும் நாடுகளுக்குக் கட்டுப்பாடும் விதித்தது.

இந்தியாவில் இந்த மாதங்கள் கடுமையானவை. 1964–65-ல் 8 கோடியே 90 லட்சம் டன்னாக இருந்த உணவு தானிய உற்பத்தி, வறட்சியால் அடுத்த ஆண்டு 7 கோடியே 20 லட்சம் டன்னாகச் சரிந்தது. 1966-ல் இறக்குமதி 1 கோடி டன்னைத் தாண்டியது. கப்பலில் இருந்து இறங்குவது நேரே வாய்க்குப் போகிறது என்று அந்த நிலையைப் பேசினார்கள். 1966 மார்ச்சில் பிரதமர் இந்திரா காந்தி அமெரிக்கா சென்றார். ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பு டாலருக்கு 4.76-லிருந்து 7.50 ஆகக் குறைக்கப்பட்டது.

தமிழரான உணவு அமைச்சர்

இந்த நெருக்கடியின் மையத்தில் இருந்தவர் சி. சுப்பிரமணியம். காமராசர் அமைச்சரவையில் பணியாற்றிய அவர் 1964-ல் மத்திய உணவு, வேளாண் துறைகளின் பொறுப்பேற்றார். 1965 ஜனவரி 14 அன்று தொடங்கப்பட்ட இந்திய உணவுக் கழகத்தின் தலைமையகம் முதலில் சென்னையில் இருந்தது. முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. 1965 நவம்பரில் ரோமில் சுப்பிரமணியமும் ஃப்ரீமனும் சந்தித்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். வேளாண்மைக்கு அதிக நிதி, வீரிய விதை, உரத் தொழிலில் அந்நிய முதலீட்டுக்கு இடம் ஆகியவை அதன் உள்ளடக்கம்.

இது அமெரிக்க நெருக்குதலுக்குப் பணிந்ததா, அல்லது இந்தியாவே விரும்பிய மாற்றமா? ஆய்வாளர்கள் இதில் வேறுபடுகிறார்கள். ரோம் சந்திப்புக்கு முன்பே சுப்பிரமணியம் விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை, புதிய விதை, உரம் ஆகியவற்றை வலியுறுத்தியிருந்தார் என்பது உறுதி. அமைச்சரவைக்குள் இருந்த எதிர்ப்பைத் தாண்ட வெளியிலிருந்து வந்த நெருக்கடி அவருக்கு உதவியது என்று கொள்வதே பொருத்தமாகத் தெரிகிறது. 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வாங்கப்பட்டது.

விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் கண்ட விளைவுகள்

கோதுமை தமிழகத்தின் உணவு அன்று. அரிசித் தட்டுப்பாட்டின்போது ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் கோதுமை தரப்பட்டதை மக்கள் குறையாகவே கண்டனர். அரிசியை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்லத் தடைகள் இருந்தன. முதலமைச்சர் எம். பக்தவத்சலத்தின் அரசு மீது அதிருப்தி வளர்ந்தது. 1965-ன் மொழிப் போராட்டம் ஏற்கெனவே ஆட்சியின் செல்வாக்கைக் குலைத்திருந்தது. அதோடு அரிசியும் சேர்ந்துகொண்டது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியை முன்வைத்த திராவிட முன்னேற்றக் கழகம் 1967 தேர்தலில் சட்டமன்றத்தின் 234 இடங்களில் 137-ஐ வென்றது. கோபிசெட்டிபாளையத்தில் போட்டியிட்ட சுப்பிரமணியமும் தோற்றார். புதிய ஆட்சி சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைத் தொடங்கியது.

இத்தேர்தல் முடிவுக்கு அமெரிக்கக் கொள்கைதான் காரணம் என்று சொல்வது மிகையாகும். ஆனால் கப்பலை நம்பிய உணவு ஏற்பாட்டில் மாநில அரசின் கை எவ்வளவு கட்டப்பட்டிருந்தது என்பதை அந்த ஆண்டுகள் காட்டின. அந்தக் கப்பல்களின் பயண நாளைத் தீர்மானித்தவர்களுக்கும் விழுப்புரம் வாக்காளருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

வயலில் மாற்றம் மெதுவாகவும் நிலையாகவும் வந்தது. தஞ்சையில் ஏ.டி.டி. 27 நெல் பரவியது. 1966-ல் பிலிப்பைன்சிலிருந்து ஐ.ஆர். 8 வந்தது. தென்னார்க்காட்டில் 1958-ல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையின் நீர் தென்பெண்ணைப் பாசனத்துக்கு உதவியது. அதைவிட முக்கியமானது கிணற்றில் பொருத்திய மின்மோட்டார். திண்டிவனம் நிலையம் 1967-ல் டி.எம்.வி. 7 நிலக்கடலை ரகத்தை வெளியிட்டது.

உரத்தின் கதையில் அமெரிக்க விவாதத்தின் தடயம் நேரடியாகத் தெரிகிறது. உரத் தொழிலில் அந்நிய முதலீட்டை ஏற்ற கொள்கையின்படி, இந்திய அரசும் அமெரிக்காவின் அமோகோ நிறுவனமும் சேர்ந்து 1966 டிசம்பரில் சென்னை உர நிறுவனத்தைத் தொடங்கின. மணலியில் அமைந்த அதன் ஆலை 1971-ல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் விஜய் யூரியா மூட்டை தமிழக விவசாயிக்கு நன்கு அறிமுகமான ஒன்று.

இந்த வளர்ச்சிக்கு ஒரு விலையும் இருந்தது. நெல்லும் கரும்பும் பெருகப் பெருகக் கம்பும் வரகும் கேழ்வரகும் சுருங்கின. கிணறுகள் ஆழமாயின; பிறகு ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. மழையை நம்பி வாழ்ந்த வட்டாரம் நிலத்தடி நீரை நம்பும் வட்டாரமாக மாறியது. அமெரிக்கக் கோதுமையோடு வந்ததாகப் பலரும் நம்பும் பார்த்தீனியச் செடியைப் பற்றி இங்கே ஒரு குறிப்பு தேவை. புனேயில் அச்செடி 1955-லேயே கண்டறியப்பட்டது, முதல் பி.எல். 480 ஒப்பந்தம் 1956 ஆகஸ்டில்தான் ஏற்பட்டது. ஆகவே அச்சட்டத்தின்கீழ் வந்த கோதுமையே அதை முதலில் கொண்டுவந்தது என்ற கூற்று காலக்கணக்கோடு பொருந்தவில்லை.

1971-ம் அதன் பிறகும்

வங்கதேசப் போரின்போது, 1971 டிசம்பரில், அமெரிக்காவின் அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பலான எண்டர்பிரைஸ் தலைமையிலான படை வங்காள விரிகுடாவை நோக்கி அனுப்பப்பட்டது. அமெரிக்கா பொருளாதார உதவியில் ஒரு பகுதியையும் நிறுத்தியது. ஆனால் இந்தியா 1966-ன் நிலையில் இல்லை. 1970–71-ல் உணவு தானிய உற்பத்தி 10 கோடியே 80 லட்சம் டன்னை எட்டியிருந்தது. உணவுக் கப்பலை நிறுத்திப் போரின் போக்கை மாற்றும் வாய்ப்பு வாஷிங்டனிடம் அப்போது இருக்கவில்லை.

இந்தியாவில் சேர்ந்திருந்த அமெரிக்க ரூபாய்க் கணக்கு 1974 பிப்ரவரியில் தீர்க்கப்பட்டது. தூதர் டேனியல் மொய்னிஹான் 1,664 கோடி ரூபாய்க்கான காசோலையை இந்திய அரசிடம் கொடுத்தார். இந்த ரூபாய்க் கணக்கு தமிழுக்கு எதிர்பாராத நன்மை ஒன்றையும் தந்தது. 1962 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இந்தப் பணத்தில் இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. தமிழ் நாவல்கள், சிறு வெளியீடுகள், இதழ்கள் ஆகியவை சிகாகோ, பெர்க்லி போன்ற பல்கலைக்கழகங்களின் நூலகங்களில் இவ்வாறு சேர்ந்தன. இங்கே கிடைக்காமல் போன சில தமிழ் நூல்களைத் தேடுபவர்கள் அங்கே செல்ல வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பள்ளி உணவைப் பொறுத்தவரை, 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் மாநில அரசின் நிதியையே அடித்தளமாகக் கொண்டது.

மதிப்பீடு

அமெரிக்க உணவு உதவி பல லட்சம் உயிர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. 1966-ல் அமெரிக்காவில் விளைந்த கோதுமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தியாவுக்கு வந்தது. அதை வெறும் சூழ்ச்சி என்று ஒதுக்குவது நேர்மையாகாது. அதே வேளையில் அதைக் கருணை என்று மட்டும் சொல்வதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. உதவியை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் இந்தியா எந்தப் பக்கம் நிற்கும் என்ற கணக்கையே போட்டனர்.

அந்தக் கணக்கு எதிர்பார்த்தபடி அமையவில்லை. தாராளமாகக் கொடுத்தபோது இந்தியா நெய்வேலியில் சோவியத் உதவியையும் பெற்றுக்கொண்டது. கயிற்றைக் குறுக்கியபோது வியட்நாம் பற்றிய தன் கருத்தை இந்தியா கைவிடவில்லை; கயிறே தேவைப்படாத நிலைக்கு விரைந்தது. இந்தியா தன் காலில் நிற்க வேண்டும் என்ற ஜான்சனின் ஒரு நோக்கம் நிறைவேறியது. அது நிறைவேறியதாலேயே, இந்தியாவை அசைக்கும் அவருடைய பிடியும் தளர்ந்தது.

உணவு பற்றிய முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பதே இந்த வரலாறு மாணவர்களுக்கு முன்வைக்கும் கேள்வி. 1966-ல் அது வெள்ளை மாளிகையில் எடுக்கப்பட்டது. பின்னர் அது டெல்லிக்கும் சென்னைக்கும் திரும்பியது. விழுப்புரம், திண்டிவனம் பகுதி விவசாயி இன்று மானாவாரியில் மல்லாட்டை போடலாமா, ஆழ்துளைக் கிணற்றை நம்பி நெல் நடலாமா என்று யோசிக்கும்போது, அந்த முடிவில் கொள்முதல் விலை, இலவச மின்சாரம், உர மானியம் ஆகியவை அடங்கியிருக்கின்றன. பனிப்போர் ஆண்டுகளின் உணவு நெருக்கடியில் வலுப்பெற்ற ஏற்பாடுகளின் தொடர்ச்சியை அவற்றில் காணலாம்.